ஒரு கரை கண்டவள்

உஸ்குதார் நீச்சல்குளம்.
செவ்வாய், வெள்ளி, காலை ஆறரை.
அவள் நான்காம் தடம், நான் ஐந்தாம் தடம்.

போகையில்
எனக்கு மூச்சு வலப்பக்கம்,
அவளுக்கு இடப்பக்கம்.
இரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை
மிதவைக் கயிற்றுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும்
பாதிப் பாதி முகமாய்ச் சந்திப்போம்:
நீருக்கு மேல் ஒரு கண்,
கோணிய வாய்,
மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல்.
(பல் செட்டு செய்வது என் தொழில்.
பெயர் மறப்பேன், பல் மறக்க மாட்டேன்.)

சுவரை உதைத்துத் திரும்பினால்
அவளுக்கு ஒரு சுவர், எனக்கு எதிர்ச்சுவர்.
முதுகோடு முதுகாக இருபத்தைந்து மீட்டர்.
மூன்று வருடம் இப்படி.
ஒரு வார்த்தை பேசியதில்லை.

தண்ணீரில் மூச்சு என்பது இழுப்பதல்ல, விடுவது.
இது விளங்க எனக்கு நாற்பத்தாறு வயதாயிற்று.
"மூச்சு விடாதே" என்று வளர்க்கப்பட்டவள் நான்:
அப்பாவின் கடனைப் பற்றி,
அக்கா யாரோடு போனாள் என்பதைப் பற்றி.
நீரில் அது செல்லாது.
முகம் கவிழ்ந்த கணமே
மூக்கால் முனகியபடி விட்டுவிட வேண்டும்,
குமிழிகள் கன்னத்தை உரசிக் காதோரம் போக.
நெஞ்சு காலியானால்
தோள் உருளும்போது தலையும் கூடவே வரும்.
நெற்றி பிளந்த அலைக்குப் பின்னால்
கையகலப் பள்ளம்,
அதில் கொஞ்சம் காற்று.
வாயோரம் போதும்.
ஆசைப்பட்டுத் தலையைத் தூக்கினால் கால் தாழும்.

ஆகஸ்டில் பொஸ்பொரஸ் நீரிணை.
கப்பல்களை நிறுத்திவைத்திருந்தார்கள்.
தெற்கு நோக்கி நீந்தினால்
வலப்பக்கம் ஐரோப்பா, இடப்பக்கம் ஆசியா.
மூச்சுக்கு மூச்சு எனக்கு ஐரோப்பாதான்:
ஒரு மாளிகை,
அதே மாளிகை கொஞ்சம் நகர்ந்து,
சிவப்புக் குடைக்கடியில் தூண்டில் போடும் ஒருவன்.
நான் பிறந்த கந்தில்லி மறுபக்கம்.
இந்த நீரில் கரை கண்டவள் என்று
என்னைச் சொல்வார்கள் என்றால்,
ஒரு கரை.

பாலத்தின் நிழல் தாண்டியதும்
லோடோஸ் காற்று கிளம்பியது.
வலப்பக்கத்து அலை
திறந்த வாய்க்குள் நேராக வந்தது.
உப்பு. இருமல். மறுபடி உப்பு.
இரண்டில் கிடைக்காத மூச்சை
மூன்றுக்குத் தள்ளிப்போட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று,
துருப்பிடித்த கீல் போலக் கழுத்து திரும்ப,
கந்தில்லி.

சரிவு, யூதாஸ் மரங்கள்,
யார் வீட்டு மாடியிலோ காயும் போர்வை.
எங்கள் ஜன்னல் இருந்ததா, தெரியவில்லை.
ஒரு மூச்சில் எவ்வளவுதான் பார்க்க முடியும்?
அடுத்த மூன்றில் ஐரோப்பா.
அதற்கடுத்த மூன்றுக்காக
முதல்முறையாக அவசரப்பட்டேன்.

குருச்செஷ்மே துறையில் ஏணி ஏறி
உதடு நீலித்து நின்றேன்.
ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றிய ஒருத்தி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஈர நரை, இரண்டு கண்கள்.
யாரென்று தெரியவில்லை.

வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள்.
வாயை ஒரு பக்கம் கோணினாள்.
தெற்றுப்பல்.

"நூர்ஹயாத்," என்றாள்.
என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்,
மூச்சு வாங்கியதே தவிர பெயர் வரவில்லை.

"முதலில் விடு," என்றாள்.