ஓடு

களியக்காவிளைச் சந்தையில்
அதிகாலை மூன்று மணிக்கு
நான் எழுதும் சீட்டில்
இறால் என்றால் பெட்டி.
பெட்டிக்கு இருபது கிலோ, ஐஸ் கழித்து.
அங்கே அவற்றுக்கு முகம் கிடையாது.
மீசை மட்டும் மூடியிடுக்கில் நீட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டில், ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே
இரண்டடித் தொட்டியில்
சம்பா அரிசி அளவில் முப்பது உயிர்.
"கூனியப் போயி காசு குடுத்து வாங்கியிருக்கான்"
என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்
லாரி ஆபீஸ் வர்க்கீஸ்.

முதலில் பத்துதான் வாங்கினேன்.
பத்தும் பாசிக்குள் போனதுதான்.
ஒரு மாதம் வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு
எதிரில் உட்கார்ந்திருந்தேன்.
பாறசாலைக் கடையில் ஷிஜின் சொன்னான்:
"பேடி ஒண்ணும் இல்ல அண்ணா, ஆளு கொறவு.
இன்னும் இருபது விடுங்க."
விட்டேன்.
அன்று மாலையே பழைய பத்தும்
முன்கண்ணாடிக்கு வந்து
சொந்தத் தெருவில் நடப்பதுபோல் நடந்தன.
தைரியம் என்பது எண்ணிக்கை
என்று சீட்டின் பின்புறம் எழுதி
பிறகு அடித்துவிட்டேன்.

ராஜா உண்டா என்று தேடினேன். இல்லை.
வெந்த முருங்கையிலை ஒன்று விழுந்தால்
அத்தனையும் ஏறி மொய்க்கும்,
ஒன்றின் முதுகில் இன்னொன்று கால் வைக்கும்,
யாரும் யாரையும் கடிப்பதில்லை.
ஒரு பொடிசு மட்டும்
தீவன உருண்டையைக் கட்டிப் பிடித்து
மூலைக்கு நீந்திப் போய்
எல்லாருக்கும் முதுகு காட்டித் தின்னும்.
எங்கள் ஏலக்காரர் ஒருவரின் பெயரை
அதற்கு வைத்திருக்கிறேன்.
சொல்லமாட்டேன்.

ஆவணியில் ஒருநாள் பெரிய சிவப்பியைக் காணோம்.
கல்மேல் கிடந்தாள், கண்ணாடியாக,
கண் இருந்த இடமும் வெறும் உறையாக.
மற்றவை சுற்றிக் கூடி நின்றன.
துக்கம் என்றே நினைத்தேன்.
கிட்டப் போய்ப் பார்த்தால்
தின்றுகொண்டிருந்தன.
வலையோடு போனவனை ஃபோனில் தடுத்தான் ஷிஜின்:
"அது சட்டதான் அண்ணா. உரிச்சுப் போட்டுட்டு
எங்கயோ ஒளிச்சிருக்கும்.
மேலு உறைக்காம வராது.
நீங்க மிண்டாம இருங்க."

அதே வாரம்
பாலராமபுரத்திலிருந்து தங்கை விஜிலா
ஒரு பையோடு எல்லை தாண்டி வந்திருந்தாள்.
பஸ்ஸில் நாற்பது நிமிடம்.
கல்யாணம் ஆறு வருடம்.
பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது.

ஓடு கழன்ற தண்ணீரில் ஏதோ வாசனை உண்டாம்.
ஆண்கள், இத்துனூண்டு ஆண்கள்,
ஸ்பாஞ்சில் மோதி, கண்ணாடியில் மோதி
தொட்டி முழுக்கத் தலைதெறிக்கச் சுற்றின.
மூன்றாம் நாள் மத்தியானம்
குழித்துறைத் தரகர் தங்கப்பன்
காலிங்பெல்லை அழுத்தினார்.
ரெண்டாம்தாரம்தான்,
ஆனால் கேரளா மின்வாரியத்தில் வேலை என்றார்.
கட்டன்சாயா கொடுத்து அனுப்பினேன்.
சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்து
சாத்திய கதவருகே கூடி நின்றார்கள்.
நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

அப்புறம் எந்த நாள் என்று ஞாபகமில்லை,
ராத்திரி இரண்டு மணி,
சந்தைக்குக் கிளம்ப எழுந்தேன்.
தொட்டி விளக்கு எரிந்தது.
விஜிலா தரையில் குத்தவைத்து உட்கார்ந்து
நேற்றைய மரச்சீனியைச் சட்டியோடு தின்றுகொண்டிருந்தாள்.
"இது வயித்துக்கடியில எதையோ
விசிறிக்கிட்டே இருக்கே" என்றாள்,
திரும்பாமல்.

சிவப்பி.
புதுச் சிவப்பில், வாலடியில்
கடுகுபோல் மஞ்சள் கொத்து.

"முட்டை. காத்தோட்டம் குடுக்குது."
"எத்தன இருக்கும்?"
எண்ணவில்லை என்றேன்.
எண்ணுவதுதான் என் பிழைப்பு
என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குமேல் பேசவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்
வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டேன்.