அரைத்த மாவு

இரவு பதினொன்றே கால்.
ஜாபர்கான்பேட்டையில், ஆற்றை ஒட்டிய சந்தில்,
இருபது லிட்டர் கிரைண்டர் சுற்றுகிறது.
உளுந்துக்கு முப்பத்தைந்து நிமிடம்.
அதுவரை எனக்கு ஓநாய்கள்.

வடக்குக் கணவாயில் ஒவ்வொன்றாய் வரும்.
வெட்டினால் ஒரு பல் தரும், சில சமயம் தராது.
முந்நூறு பல் சேர்த்தால் ஒரு தோல் கையுறை.
கையுறை இருந்தால் அடுத்த கணவாய்.
அங்கே கொஞ்சம் பெரிய ஓநாய்.

எதிர்க்கடை நிசார், செல்போன் ரிப்பேர்,
ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டே கேட்டான்:
“இதுல அரைக்கிறதத் தவிர என்னக்கா இருக்கு?”

மாவுக் கடைக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது?

இருந்தாலும், உளுந்துக்குத் தண்ணீர் தெளித்தபடி
யோசித்தேன்.

இலவசம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். உண்மை,
வாசல் இலவசம்.
உள்ளே குதிரைக்கு விலை, குதிரையின் நிறத்துக்குத் தனி விலை,
எழுபத்தொன்பது ரூபாய்க்கு மூன்று மணி நேரம்
இரட்டை அனுபவம்.
எனக்கு நாற்பத்து நான்கு வயது.
ஒற்றை அனுபவமே தாங்கவில்லை என்று
தினமும் அந்தப் பெட்டியை மூடிவிடுகிறேன்.
ஒரே ஒரு முறை வாங்கினேன், சிவப்புக் குதிரை.
யாரிடமும் சொல்லவில்லை.

கதை என்றும் ஒன்று உண்டாம்,
ஒரு ராஜா, காணாமல் போன கிரீடம்.
எல்லோரையும் போல நானும்
‘தவிர்’ என்பதை அழுத்தி அழுத்தித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை
கரண்ட் போனது.
கல் நின்றது. பாதி அரைந்த உளுந்தை
அப்படியே விட்டால் அடியில் இறுகிக்கொள்ளும்.
டார்ச்சைப் போட்டுப் போனை அரிசி மூட்டையில் செருகினேன்,
இரண்டு கையாலும் வழித்தேன், முழங்கைவரை நுரை.
போனுக்குள் என் பெண்
கணவாய் நடுவில் வாளைத் தொங்கவிட்டு நின்றிருந்தாள்.
செத்திருப்பாள்.
செத்தால் இரண்டு நாள் அரைத்தது போகும்.

இருபத்தெட்டு நிமிடம்.
நைட்டியில் விரலைத் துடைத்துத் திரையைத் தொட்டேன்.
நிற்கிறாள்.
சுற்றிலும் ஓநாய்கள் கிடந்தன, எண்ணவில்லை.
பக்கத்தில் ‘கொக்கிராணி’ என்று யாரோ,
என்னைவிடப் பத்து நிலை கீழே, காலில் செருப்புகூட இல்லை,
கால்வாசி உயிரோடு
ஈட்டியை ஓங்கியபடி.

“எங்க போயிட்ட?”
“கரண்ட் கட். மாவு.”
“நாலுக்கு ஒண்ணா?”
“கடைக்கு அஞ்சுக்கு ஒண்ணு.”
“அதான பாத்தேன். கை கழுவிட்டு வா, நிக்கிறேன்.”

எண்ணூரில் எடைமேடையில் இரவு வேலை,
ஒரு நிலக்கரி லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில்
அவளுக்கும் ஓநாய்கள் என்பது பிறகு தெரிந்தது.
பெயர் ஹெப்சிபா என்பது அதற்கும் பிறகு.
அன்றைக்குக் கொன்றதன் பல் அத்தனையும்
அவள் பையில்தான் இருந்தது.
பாதி கேட்டேன்.
“ம்ஹூம்” என்றாள்.

ஒன்று விழுந்த இடத்தில் அடுத்தது முளைக்கத்
தொண்ணூறு வினாடி ஆகும்.
இந்த விளையாட்டைச் செய்தவர்கள் அந்தத் தொண்ணூறு வினாடிக்கு
ஒரு வேலையும் வைக்க மறந்துவிட்டார்கள்,
விலையும்.
அதில்தான் அவளுடைய நகைக்கடன் வட்டி,
என் சர்க்கரை மாத்திரை,
மேற்பார்வையாளன் அந்தோணிசாமியின் வாய்நாற்றம்,
பாதி வாக்கியத்தில் ஓநாய் வந்துவிடும்,
வெட்டிவிட்டு மீதியை முடிப்போம்.
சில நாள் முடிக்காமலே
லாரி வந்துவிடும்.

இதை எப்படி நிசாருக்குச் சொல்வது?
“அரைக்கிறதுதான் தம்பி, வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.
ஷட்டர் மீதியும் இறங்கியது.

உளுந்தை ஒரு துளி எடுத்துத்
தண்ணீரில் விட்டுப் பார்த்தேன்.
மிதந்தது.
இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.