இறங்கி நடக்கச் சொல்லாதவள்

நூற்றி ஐம்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றி நாலு.
கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டு
டொக்டர் சப்ரினா பேனையை மூடவில்லை.
"மாதத்தீட்டு நின்று எத்தனை வருசம்?"
பிறஷர் பார்க்க வந்தவளிடம் இதென்ன கேள்வி,
பக்கத்துக் கதிரை ஆம்பிளை
மின்விசிறியைப் பார்த்தார்.
மூன்று, என்றேன்.

அப்போதுதான் உன் பெயரைச் சொன்னாள்.
ஈஸ்திரஜன்.
லிப்பிட் ரிப்போட்டின் பின்பக்கத்தில்
ஒரு குழாய் கீறினாள். குழாயின் உட்பக்கம்
ஒரே ஒரு கலத்தின் தடிப்பில் சுவர்,
வெங்காயச் சருகளவும் இல்லை.
அதுதான் உன் வேலைத்தலமாம்.

நான் உன்னை அறிந்ததெல்லாம்
துணிகளாலும் நாரி உளைவாலும்.
பிள்ளைப்பெறும் பகுதியில் உத்தியோகம்
என்றுதான் நினைத்திருந்தேன்.
நீயோ
இருதயத்துக்குப் போகிற தெருவெல்லாம்
ஓவர்டைம் செய்திருக்கிறாய்.

கலத்தின் ஓரத்தில் உனக்கென்றொரு கைப்பிடி.
நீ வந்து பிடித்தால்
உள்ளே ஒரு நொதியம் கண்விழித்து
நைத்திரிக் ஒட்சைட்டு என்றொரு காற்றை ஊதும்.
சில விநாடிதான் ஆயுள்.
அதற்குள் அது
வெளிச்சுற்றில் இறுகிநிற்கும் தசையிடம் ஓடி
கொஞ்சம் தளர் என்று சொல்லிவிட்டுச்
செத்துப்போகும்.
குழாய் அகலும்.
திரும்ப ஊத வேண்டும். திரும்பவும்.

எனக்குக் கல்லடிப் பாலம் நினைவில் வந்தது.
தொண்ணூற்றி ஆறு.
பஸ்ஸை நிறுத்தி இறக்கி
பாலத்தின் நீளத்துக்கும் நடக்கவிடுவார்கள்.
அடையாள அட்டை கையில் வியர்க்கும்.
யாரோ ஒருவரை மறிப்பார்கள்,
அவருக்குப் பின்னால் இன்னொருவர்,
பிறகு வரிசையே உறைந்துவிடும்.

நாடி அடைபடுவதும் இப்படித்தானாம்.
சுவரில் ஒட்டுகிற கைகள் முளைக்கும்.
போகிற வெண்குழியத்தைப் பிடித்து நிறுத்தும்.
கொழுப்பு வந்து பக்கத்தில் குந்தும்.

நான் அங்கே நின்ற நேரமெல்லாம்
நெஞ்சுக்குள் நீ நின்று
அந்தக் கைகளை மடக்கிவைத்துக்கொண்டு
போ, போ என்று விட்டுக்கொண்டிருந்தாய்,
ஒருவரையும் இறங்கி நடக்கச் சொல்லாமல்.
ஊரெல்லாம் மறித்த வருசம்
என் உடம்பில் ஒரு பாலம்
திறந்து கிடந்திருக்கிறது.
எனக்கே தெரியாமல்.

"குளிசையாய்த் திரும்பக் கூப்பிடலாமா?"
சப்ரினா உடனே பதில் சொல்லவில்லை.
எல்லாருக்கும் ஒத்துவராது,
பிந்திக் கூப்பிட்டால்
பழைய ஆளாய் வரவும் மாட்டாள்.
உப்பைக் குறையுங்கோ.
நடவுங்கோ, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்.
நடந்தால் இரத்தம் வேகமாய்ச் சுவரை உரசும்,
அந்த உரசலில் அதே காற்று
அவள் இல்லாமலும் கொஞ்சம் கிளம்பும்.

திரும்பும்போது பாலத்தடியில் இறங்கிக்கொண்டேன்.
கொண்டக்டர் இன்னும் தூரமிருக்கே என்றான்.
பழைய இரும்புப் பாலம் இப்போது
நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும்தான்.
கீழே வாவியில் இறால்காரனின் தோணி
அசையாமல் நின்றது.
பாதியில் மூச்சு வாங்கியது.
கைப்பையைத் திறந்து, ஏனென்று தெரியாமல்,
அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.
கேட்க ஆளில்லை.
மிச்சத்தையும் நடந்தேன்.