கடைவயல்

இறக்காமத்து வட்டைக்குள்ள யானை நிண்டிச்சி.
பத்தடி.
ஓடி, வரம்பேறி, சைக்கிளை நிமித்தி,
முகத்தைத் துடைச்ச பிறகுதான்
நெஞ்சு அடிக்கத் தொடங்கிச்சி.
வெட்டிவைச்சுத் தைக்கக்குள்ள
நரம்பைத் தைக்கல்லயாம்.
பயம் இரத்தத்தில நடந்துதான் வரோணும்.

நோவும் அப்படித்தான். அது வரவேயில்ல.
ஆறாம் வருசப் படத்தில
டொக்டர் ஷர்மிளி விரல் வைச்சுக் காட்டினா:
இந்த அடைப்புக்குக் கம்பிச்சுருள் போடலாம்.
மற்றக் குழாயெல்லாம்
நுனிமட்டும் ஒரே சீரா ஒடுங்கிக் கிடக்கு.

எனக்கு விளங்கிச்சி. நான் வட்டவிதானை.
வாய்க்காலுக்குள்ள மரம் விழுந்தா இழுத்துப் போடலாம்.
நீளத்துக்கும் தூர்ந்தா
கடைவயல்காரன் மண்வெட்டியோட வந்து கத்துவான்.
இந்தக் கடைவயல் கத்தாது.

குளிசையை மாத்தினா.
பம்பளிமாசு தொடப்படாது எண்டா.
முற்றத்து மரத்தில பதினேழு காய்.
மசூதா எண்ணிப்போட்டு
ஒண்டும் பேசாம அடுத்த வீட்டுக்கு அனுப்பினா.

கம்பி வைச்சு வந்த இரவு
அந்தப் பொடியனை நினைச்சன்.
பேர் தெரியாது.
மோட்டார் சைக்கிள், கல்லோயாப் பக்கம்,
அவ்வளவுதான் சொன்னாங்க.
நொந்தாச் சொல்லு மனே எண்டு
நெஞ்சில கையை வைச்சன்.

தொண்ணூற்றாறு.
மறுகா எண்ணினன். தொண்ணூற்றாறு.