இசட் தொண்ணூற்றேழு புள்ளி ஐந்து

காரைக்குடி, கழனிவாசல் ரோடு.
கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள்
பதினோரு பேர், ஒரு ஏசி.
ஒஹாயோவில் ஆஸ்பத்திரி பூட்டியதும்
எங்களுக்குக் கோப்பு வரும்.

எனக்கு விழுந்தது கருத்தடைப் பிரிவு.
"கல்யாணமான பொண்ணு, கூச்சம் இருக்காது"
என்றார் டீம் லீடர் கதிரேசன்
சுவரைப் பார்த்துக்கொண்டு.

பொருத்தினால் இசட் முப்பது புள்ளி நான்கு மூன்று சைபர்.
சும்மா சரிபார்த்தால் கடைசி எண் ஒன்று.
எடுத்தால் இரண்டு.
எடுத்த கையோடு புதிதாக வைத்தால் மூன்று.
நழுவியிருந்தால் டி-யில் தொடங்கும், அது வேறு அத்தியாயம்.
கருவிக்கு ஒரு விலை, கைக்கு ஒரு கூலி.
ஒன்றை எழுதி ஒன்றை விட்டால்
இன்சூரன்ஸ்காரன் திருப்பி அடிப்பான்.

பர்மாவின் நெல்வயலைப்
பேரேட்டில் வைத்துப் பார்த்த ஊர் இது.
ஒஹாயோவின் கருப்பையை
எக்செல்லில் வைத்துப் பார்ப்பதில் என்ன அதிசயம்.

முதல் நாள் சொல்லித்தந்த முதல் விதி:
எழுதாதது நடக்கவில்லை.
டாக்டர் பொருத்தியிருக்கலாம்,
அவள் கட்டில் கம்பியை நெரித்திருக்கலாம்.
குறிப்பில் இல்லையா, நடக்கவில்லை.

மகனுக்கு ஆதார் எடுக்க
டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடினேன்.
துணிக்கடை மஞ்சள் பைக்குள்
இரண்டு வருஷ மடிப்பில் கிழிந்து கிடந்தது.
நான்காவது வரி, சாய்ந்த எழுத்து:
பிரசவத்துக்குப் பின் காப்பர் டி.

ஒரு ராத்திரிக்கு எண்பது சீட்டு படிக்கிறவள்
என் சீட்டைப் படித்ததில்லை.
எழுதியிருக்கிறது.
ஆகவே நடந்திருக்கிறது.

மாதாமாதம் அவ்வளவு போனதற்கு
உடம்புச்சூடு என்று வெந்தயம் குடித்தேன்.
நாற்பது நாள் லீவில் வந்த சேவுகன்
அடுத்த பிள்ளைக்குக் குன்றக்குடிக்குக்
காவடி நேர்ந்துவிட்டுப் போனார்.
முருகன் என்ன செய்வார் பாவம்,
குறுக்கே செம்புக் கம்பி.

பிரசவம் பார்த்த இடத்துக்கே போனேன்.
சிஸ்டர் ஆரோக்கியசெல்வி பழைய நோட்டை
இரண்டு கையாலும் தூக்கிவந்தார்.
பூமயில், இருபத்தாறு. ஜூன் ஒன்பது.
சம்மதம்: கணவர்.
பக்கத்தில் தமிழில் ஒரு கையெழுத்து,
சேவகன் என்று.
உகரம் இல்லை.
அவர் எப்போதும் இங்கிலீஷில்தான் போடுவார்.
ஜூன் ஒன்பதில் அவர் ஷார்ஜாவில்
போனுக்குள்ளிருந்து பிள்ளையைப் பார்த்தார்,
படம் உறைந்து உறைந்து வந்தது.

"எடுக்கணும்னா சொல்லும்மா,
வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

இன்னொரு பிள்ளை வேண்டுமா என்றால்
எனக்கு இப்போது வேண்டாம்.
கேட்டிருந்தால் நானே
சரி, வையுங்கள் என்றிருப்பேன்.
எரிவது அதுதான்.

குறிப்பு ஒத்துவராத இடத்தில்
டாக்டருக்குக் கேள்வி அனுப்புவது எங்கள் தொழில்.
பதிலைக் கேள்விக்குள்ளேயே ஊட்டக் கூடாது.
கோபம் கூடாது. ஆச்சரியக்குறி கூடாது.
சிஸ்டரிடம் ஒரு அரைத்தாள் வாங்கினேன்.

"நோயாளி: பூமயில்.
சேவைத் தேதி: ஜூன் ஒன்பது.
சம்மதக் கையெழுத்து யாருடையது
என்று தெளிவுபடுத்தவும்."

அனுப்புநர் என்ற இடத்தில் பேனா நின்றது.
கோடர் என்று எழுதி அடித்தேன்.
நோயாளி என்று எழுதினால்
மேலே ஒருமுறை வந்துவிட்டது.
பெயரை மட்டும் போட்டேன், இனிஷியலோடு,
அப்பாவின் இனிஷியல், பத்தாம் வகுப்பில் போட்டது.

சிஸ்டர் தாளை இரண்டு தரம் படித்தார்.
நோட்டில் அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடினார்.
"பெரியம்மா திங்கட்கிழமை வருவாங்க" என்றார்.
திங்கட்கிழமை சந்தை. ஊரே நெரியும்.
வருகிறேன் என்றேன்.

உள்ளே இருக்கிறது என்பதும்
எடுத்தாயிற்று என்பதும்
ஒரே தாளில் சேராது, கையேட்டில் தடை.
எனவே பதில் வரும்வரை
எனக்கு நானே போட்டுக்கொண்ட குறி
இசட் தொண்ணூற்றேழு புள்ளி ஐந்து:
இருக்கிறது.

அதற்கு மட்டும் என்றால்
யாரும் பணம் தருவதில்லை.