மைனஸ் எண்பது

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று
மேஜையில் இரண்டு கொடிகள்.
மின்விசிறிக்கு நேரே நின்றது மட்டும் ஆடியது.
கேசரி மிஞ்சிப்போய்
விடுதிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பாளையங்கோட்டை ஆய்வகத்தில்
நான், இசக்கியப்பன், ஒரு மரப்பெட்டி.
உள்ளே உறைபெட்டி;
நார்வேயில் பத்து வருடம் ஊழியம் பார்த்து
ஓய்வுபெற்று வந்தது.
அதன் பிளக் நம் சுவரில் நுழையவில்லை.
இசக்கியப்பன் சமாதானபுரம் போய்
நூற்றிருபது ரூபாய்க்கு வேறொன்று வாங்கி மாட்டினான்.
இரு பல்கலைக்கழகங்களின் கூட்டுறவில்
முதல் செலவு அதுதான்.
அதற்கு ரசீது கேட்டு மூன்று கடிதம் வந்தது.

மேலப்பொட்டல்குளத்தில்
வாழைத்தார் சுமக்கிறவர்களுக்கு
நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் சுருங்குகிறது.
ஏன் என்று யாருக்கும் தெரியாது.
அதனால் குப்பிகள்.
விடிகாலை ஒன்று, வெயில் தாழ ஒன்று,
மூடியில் என் கையெழுத்து.
"ஏ டீச்சர், நாங்க மெட்ராஸே பாத்ததில்ல,
எங்க மூத்திரம் பிளேன்ல போகுதாமே"
என்பாள் ஆவுடையம்மாள்.
வரப்பே சிரிக்கும்.

கரண்ட் போன இரவுகளில்
உறைபெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
ஜெனரேட்டர் இருமி எழும்வரை.
மைனஸ் எண்பது, மைனஸ் எழுபத்தொன்று,
மைனஸ் அறுபத்தாறு.
கல்யாணமான புதிதில்கூட
இப்படி ஒரு கதவைப் பார்த்துக் காத்திருந்ததில்லை.

நான்கு வருடம், இரண்டு கட்டுரை.
பெயர்ப்பட்டியலில் நான் ஒன்பதாவது.
மேலப்பொட்டல்குளம்
'தென்னிந்தியாவின் ஒரு கிராமம்' என்றிருந்தது.

ஐந்தாம் வருடம்
ஆறு மாதத்துக்கு என்னை அனுப்பினார்கள்.
மதியத்திலேயே இருட்டிவிடுகிற ஊர்.
சோல்வே மேடம் நிலவறைக் கதவைத் திறந்தார்.
வரிசை வரிசையாகத் தட்டுகள்.
ஒன்றில்
வால் நீண்ட என் 'ழ'.
சொந்தக்காரரை
அயலூர் ஆஸ்பத்திரியில் பார்த்ததுபோல் இருந்தது.
"இவங்க முடிவு கேக்கிறாங்க" என்றேன்.
"அனுப்பினோமே, கட்டுரையை" என்றார்.
பிறகு நெடுநேரம் பேசவில்லை.
நல்ல மனுஷி. அடுத்த வாரமே
இயந்திரத்தின் திருகுகளைக் கழற்றிக் காட்டினார்,
என்னையே பூட்டவும் விட்டார்.
அதேபோல் ஒன்று
கப்பலேறித் தூத்துக்குடி வந்து இறங்கியது.
இந்த முறை பிளக்கை
அவர்களே மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

இப்போது குப்பி பறப்பதில்லை.
காலையில் எடுத்தால் மாலையில் எண் வரும்.
அந்த எண்ணை ஒற்றைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்;
ஆவுடையம்மாள் அதைக்
காண்டிராக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும்
தண்ணீர், தார்ப்பாய் நிழல், கால்மணி நேரம்.
அவ்வளவுதான் கிடைத்தது.
முத்துக்குட்டிக்கும் அவன் தம்பிக்கும்
அதுவும் பிந்திவிட்டது.

இந்த மே மாதம் அங்கிருந்து ஒருத்தி வந்தாள்,
மரித்தே, இருபத்துமூன்று வயது,
எங்களிடம் களவேலை படிக்க.
உச்சி வெயிலில் தார் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்;
பத்தடியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்,
செக்கச் செவேலென்று.
ஆவுடையம்மாள் செம்பைக் கொடுத்தாள்,
முழுதும் குடிக்கிறவரை நின்றாள்,
பிறகு என் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினாள்:
"இந்தா தாயி, நீயும் குடு.
கணக்குல சேத்துக்கிடட்டும்."

மே.பொ. 213.
மூடியில் நான்தான் எழுதினேன்.
அதுவும் மைனஸ் எண்பதில் இருக்கிறது.