இரண்டு தையல் அளவு

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கதவிடுக்கில் விழுந்தது,
மான்ட்ரியாலிலிருந்து ஹெனோக்கின் கடிதம்.
திரி ஏற்ற இன்னும் இருபது நிமிடம்.
பிரித்திருக்கக் கூடாது. பிரித்தேன்.

ரயில் பாதைக்குக் கீழே இருந்த
அப்பாவின் வைரப் பட்டறையை விற்றுவிட்டானாம்.
சாணைச் சக்கரங்கள், தராசு, ஜன்னலோர மேசை,
எல்லாம் சேர்த்து ஒரே விலை.
என் பங்கைப் பற்றி ஒரு வரி இல்லை.
"உன் அண்ணன்" என்று முடித்திருந்தான்,
ரசீதில் முத்திரை குத்துவதுபோல.

கிழிக்கலாம் என்று தோன்றியபோது
திரி ஏற்றியாகிவிட்டது.

இனி மூன்று நட்சத்திரம் தெரியும்வரை
உலகம் இருந்தபடி இருக்கட்டும் என்பது ஏற்பாடு.
உழக் கூடாது.
நான் எங்கே உழப் போகிறேன், நாலாவது மாடியில்.
விதைக்க, கதிரறுக்க, ஆட்டுமயிர் கத்தரிக்க,
மானைப் பிடித்துத் தோலுரிக்க:
முப்பத்தொன்பதில் பாதி
என் கைக்கு எட்டாத ஊர்களில் இருக்கின்றன.
எட்டுகிற ஒன்று, கிழித்தல்.

"கோபத்தில் கிழித்தால்?" என்றேன்.
ரொட்டியிலிருந்து தலை தூக்காமல் ஸெலிக் சொன்னார்:
திரும்ப இரண்டு தையல் போடுவதற்காகக் கிழித்தால்தான்
அது வேலை.
வெறும் நாசம் கணக்கில் வராது.
தண்டனை இல்லை, ஆனாலும் கூடாது.
மனசு ஆறுவதற்காக என்றால், அதில் இரண்டு கட்சி.
பிறகு ரொட்டியை உப்பில் தொட்டார்.

மீன் வந்தது.
முள்ளைப் பொறுக்கி வீசக் கூடாது;
சதையை எடுத்துத் தின்னலாம், முள் கிடக்கட்டும்.
அதுவும் இந்த வாய்க்கு வேண்டிய அளவு மட்டும்.
ஹெனோக்கை அப்படி எடுத்துப் பார்த்தேன்:
உறைந்த குளத்தில் என் கால் உள்ளே போன அன்று
தன் காலணி இரண்டையும் எனக்கு மாட்டிவிட்டு
வெறும் காலுறையோடு டிராமில் வந்தவன்.
முள் தொண்டையில் நின்றது.

ராத்திரி, தானாக அணையும் விளக்கு அணைவதற்குள்
மறுபடி படித்தேன்.
விற்பனை விவகாரத்தை இன்று படிக்கவும் கூடாதுதான்.
அழுகைக்கும் சட்டம் இருக்கிறது:
நனைந்த கைக்குட்டையைப் பிழியக் கூடாது,
எழுத்தை அழிக்கக் கூடாது,
இரண்டு எழுத்துக்கு இடம் காலியானால் குற்றம்.
கைக்குட்டையை அப்படியே நாற்காலி முதுகில் போட்டேன்.
அதற்குள் ஒரு சொட்டு விழுந்துவிட்டது,
"உன் அண்ணன்" மேல்.
எது போயிற்று, எது நின்றது,
விளக்கு அணைந்துவிட்டதால் தெரியவில்லை.

சனி மாலை வானம் மூடிக் கிடந்தது.
ஆண்ட்வெர்ப்பில் நாங்கள்
நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில்தான் பார்க்கிறோம்.
ஐந்து முப்பத்தெட்டு.
ஸெலிக் பின்னல் திரியைக் கொளுத்தினார்,
திராட்சை ரசத்தில் அணைத்தார்.
வேலைகள் எல்லாம் திரும்பி வந்தன,
ஈரக் குடையை உதறிக்கொண்டு.

கடிதத்தைக் கிழித்தேன். மடிப்பில், நேராக.
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம்.
தையல் டப்பா எங்கே என்று கேட்டிருக்கிறேன் போல.
"எதற்கு?" என்றார்.
சட்டைப் பொத்தான் என்றேன்.